பெரியப்பாவின் பரீட்சை

என் அம்மாவின் அக்காவைப் பெயர் சொல்லி விசாரித்தால் எங்கள் பகுதியில் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘பாஸ் டீச்சர்’ என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். இத்தனைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர் வேலை பார்த்ததில்லை. வீட்டு முன்னறையில் நீளமான பெஞ்சு இரண்டு, ஒரு கரும்பலகை, ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி ஒன்று. டியூஷன் நடந்தது அங்கேதான்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைப் பெரியம்மா சேர்த்துக்கொள்ள மாட்டார். “அதுங்க தானாப் படிச்சுக்கும், என்கிட்ட எதுக்கு?” என்பார். கணக்கில் விழுந்தவர்கள், மறுபடி எழுதி மறுபடியும் விழுந்தவர்கள், இது தேறாது என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிட்டவர்கள்தான் அவருக்கு வேண்டும். பழைய கேள்வித்தாள்களை எல்லாம் அலசி, எது வரும், எது வராது என்று பிரித்து, வரப்போவதை மட்டும் அவர்கள் மண்டையில் ஏற்றிவிடுவார்.

“புரிஞ்சா சந்தோஷம். புரியலன்னா மனப்பாடம் பண்ணு. பாஸ் பண்ணிட்டு வந்து நிதானமாப் புரிஞ்சுக்கலாம்.”

அவரிடம் படித்தவர்கள் பெரும்பாலும் பாஸ் பண்ணினார்கள். நிதானமாகப் புரிந்துகொள்ளத் திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கறார். பரீட்சையில் காப்பி அடித்து மாட்டியவனுக்கு அந்த பெஞ்சில் மறுபடி இடம் கிடையாது. அவன் அப்பா வந்து கெஞ்சினாலும் கிடையாது.

பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒல்லியான உடம்பு, நீளமான விரல்கள், எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ். பேச்சு குறைவு. வீட்டில் பேசுவதற்குத்தான் இன்னொரு ஆள் இருந்தாரே. “இவர்கிட்ட ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா, ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல போய் நின்னுடுவார்” என்று பெரியம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். பெரியப்பாவும் சிரிப்பார். மனைவியை அவர் கூப்பிடுவதே ‘டீச்சர்’ என்றுதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன். ஒரு கண்ணாடிக் கடையில் வேலை, சொந்தமாக ஒரு சின்ன கார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகவர நான்தான் டிரைவர் ஆனேன். இனி சொல்லப்போவதில் பெரும்பகுதி என் கண்ணால் பார்த்தது.

லிஃப்டின் கதவு திறந்திருந்தால் அது நகரக் கூடாது. அதற்காகக் கதவில் ஒரு பூட்டு உண்டு. பழுது பார்க்கும்போது அந்தப் பூட்டை ஏமாற்றுவதற்கு ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டு வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் விட்டால், ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்திருக்கும்போதே லிஃப்ட் கிளம்பிவிடும். ஒரு பேங்க் கட்டடத்தில் பெரியப்பா அந்த வயரைக் கழற்ற மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு மேலே போவதை வாட்ச்மேன் பார்த்து மெயின் சுவிட்சை அணைத்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கம்பெனியில் விசாரித்தபோதுதான் மற்ற கதைகள் வெளியே வந்தன. கொஞ்ச காலமாகவே கூட வேலை செய்தவர் பெரியப்பாவின் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றைக்கு அவர் லீவு. கம்பெனி பெரியப்பாவை மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நிறையக் கேள்வி கேட்டார்கள். மறதி நோயின் ஆரம்பம் என்று நரம்பு டாக்டரம்மா சொன்னார். சுற்றி வளைக்காமல், அதே சமயம் அவசரப்படாமல் பேசுகிற பெண்மணி. ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

“இதுல ஒரு வேடிக்கை இருக்கு டீச்சர். முதல் முதல்ல இதை ஒரு பூச்செடியோட கிழங்குல இருந்துதான் எடுத்தாங்க.”

“அப்ப குணமாகிடுமா?”

“ஆகாது. இறங்கற வேகம் கொஞ்ச நாளைக்குக் குறையலாம். எல்லாருக்கும் குறையும்னும் சொல்ல முடியாது.”

அந்தப் பதில் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்கு அவரிடம் மார்க் கிடையாது.

சில மாதம் கழித்து டாக்டரம்மாவே கூப்பிட்டு இன்னொரு விஷயம் சொன்னார். வேலி ஓரங்களில் வளரும் ஒரு புதர்ச்செடியின் இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். எலிகளிடம் அது நன்றாக வேலை செய்திருக்கிறது. மனிதர்களிடம் வேலை செய்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். விருப்பமிருந்தால் பெரியப்பா அந்த ஆராய்ச்சியில் சேரலாம். பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

“உங்களுக்கே தெரியாதா?” என்றார் பெரியம்மா.

“எனக்குத் தெரிஞ்சா, நிஜ மாத்திரை சாப்பிடறவர் நல்லா இருக்கற மாதிரியே என் கண்ணுக்குத் தெரியும். மனசு அப்படித்தான் பண்ணும்.”

பெரியப்பாவிடமும் எல்லாவற்றையும் விளக்கினார்கள். அவர் கவனமாகக் கேட்டார். “எலிக்கு லிஃப்ட் வேலை தெரியாதே மேடம்” என்றார். அறையில் எல்லாரும் சிரித்தோம். கையெழுத்துப் போட்டார்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு பரீட்சை உண்டு. அதை நடத்துவதற்கென்றே ஒரு பெண் இருந்தாள். எப்போதும் காதுக்குப் பின்னால் ஒரு பென்சில் இருக்கும். பெரியம்மா அவளுக்கு ‘பரீட்சைப் பொண்ணு’ என்று பெயர் வைத்தார். இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த மாடி என்று தொடங்கும். அப்புறம் எட்டு வார்த்தைகளை நிதானமாகப் படிப்பாள். கடிகாரம் வரையச் சொல்வாள், காகிதத்தை மடிக்கச் சொல்வாள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வாள். எல்லாம் முடிந்ததும், “முதல்ல எட்டு வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க” என்பாள்.

முறைப்படி கூட வந்தவர்கள் வெளியேதான் இருக்க வேண்டும். ஆனால் பெரியம்மா கண்ணில் படாவிட்டால் பெரியப்பா எழுந்து கதவுக்குப் போய்விடுவார். அதனால் வாயே திறக்கக் கூடாது என்ற கண்டிப்போடு பெரியம்மாவுக்கு மூலையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். முதல் பரீட்சையில் எட்டில் இரண்டுதான் வந்தது. இரண்டாவது தடவை ஒன்று.

“எட்டுக்கு ஒண்ணு” என்றார் பெரியம்மா காரில். அந்தக் குரலை எனக்குத் தெரியும். விழுந்த பிள்ளைகளின் மார்க் ஷீட்டைப் பார்க்கும்போது வரும் குரல். போதாக்குறைக்கு, காத்திருக்கும் கூடத்தில் யாரோ ஒரு அம்மா, மார்க் ரொம்பக் குறைந்தால் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று கொளுத்திப் போட்டிருந்தார். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது பொய் என்று தெரிந்திருக்கும். பெரியம்மா கேட்கவில்லை.

அவர் செய்ததை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். டியூஷன் பிள்ளைகள் கிளம்பியிருந்தார்கள். முன் பெஞ்சில் பெரியப்பா மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எதிரே பெரியம்மா.

“பேங்க் கட்டடம். லிஃப்ட்ல ஏறியாச்சு. தரைத்தளத்துல கதவு திறக்குது. எதிர்ல என்ன நிக்குது?”

“படகு.”

“முதல் மாடி பட்டனை அழுத்துங்க.”

பெரியப்பா காற்றில் ஒரு பட்டனை அழுத்தினார். “ஆடு.”

“ரெண்டாவது மாடி?”

“சட்டை.”

“மூணு?”

பெரியப்பா விரலை நீட்டியபடி யோசித்தார். “புளிப்பா ஏதோ...”

“எலுமிச்சம்பழம். மறுபடி கீழ இருந்து வாங்க.”

ஆராய்ச்சியில் ஒரே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பக் கேட்க மாட்டார்கள். மூன்று தொகுப்பு இருந்தது, மாற்றி மாற்றி வந்தது. ஒரு தொகுப்பு சேருவதற்கு முன்னால் நடத்திய சோதனையிலேயே வந்துவிட்டதால், இரண்டு பரீட்சைக்குள் மூன்றும் பெரியம்மாவின் காதில் விழுந்துவிட்டன. அவர் மண்டையில் ஏறியது இறங்காது. ஒரு தொகுப்புக்குப் பேங்க் கட்டடம், ஒன்றுக்கு ஜவுளிக்கடை, ஒன்றுக்கு ஒரு ஹோட்டல். மூன்றும் பெரியப்பா காலமெல்லாம் ஏறி இறங்கிய லிஃப்டுகள். ஒவ்வொரு மாடியிலும் ஒரு வார்த்தையை நிறுத்தி வைத்தார். காலையில் ஒரு தடவை, குளித்ததும் ஒரு தடவை, சாப்பிட்டுக் கை காய்வதற்குள் ஒரு தடவை. தவறாகச் சொன்னால் கீழ்த்தளத்திலிருந்து மறுபடி ஆரம்பம்.

“பெரியம்மா, இது தப்பில்லையா?” என்றேன்.

“ஏண்டி, வீட்ல உக்காந்து படிக்கறது எந்த ஊர்ல தப்பு?”

பெரியப்பா முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வேலையை விட்டு வந்த பிறகு அவரை யாரும் எதுவும் செய்யச் சொன்னதில்லை. இப்போது தினமும் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. லிஃப்ட் வேலை.

அடுத்த பரீட்சையில் ஐந்து வார்த்தை வந்தது. அதற்கடுத்து ஆறு. பெரியம்மாவின் நடையே மாறிவிட்டது. “மாத்திரை வேலை செய்யுது, பாரு” என்று என் அம்மாவிடம் போனில் சொன்னார். மறைத்துச் சொன்னது போல எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். பட்டனைச் சரியாகப் போட்டுக்கொள்கிறார், செருப்பை மாற்றிப் போடுவதில்லை என்று அடுக்கினார். தாம் நடத்திய டியூஷன் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

மாட்டிக்கொண்டது அதற்கடுத்த தடவை. நான் வெளியே இருந்தேன். பெரியம்மாவும் அந்தப் பெண்ணும் பிறகு சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்றைக்குப் பேங்க் கட்டடம்தான் வரும் என்று பெரியம்மா கணித்து, வாரம் முழுக்க அதையே ஓட்டியிருந்தார். வந்தது ஹோட்டல். சாவி, குதிரை, மேகம் என்று அந்தப் பெண் படித்தாள். கடிகாரம் வரைந்தாகிவிட்டது, காகிதம் மடித்தாகிவிட்டது. “இப்ப அந்த எட்டு வார்த்தையைச் சொல்லுங்க சார்” என்றாள்.

பெரியப்பா விரலை நீட்டிக் காற்றில் அழுத்தினார். “படகு. ஆடு. சட்டை. எலுமிச்சம்பழம்.”

அந்தப் பெண் பென்சிலைக் கீழே வைத்தாள். அது இன்று படித்த தொகுப்பே இல்லை. எப்போதோ, மாதக்கணக்குக்கு முன்னால் படித்தது. இவ்வளவு நாள் கழித்து இவருக்கு அது ஞாபகம் இருக்கிறதென்றால்! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாளாம், டாக்டரிடம் ஓடுவதற்கு. “மருந்து கண்டுபிடிச்சாச்சுன்னே நினைச்சேன்” என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அப்போது பெரியப்பா நான்காவது மாடிப் பட்டனை அழுத்தி, கொஞ்சம் காத்திருந்து, மூலையில் இருந்த பெரியம்மாவிடம் திரும்பினார்.

“டீச்சர், நாலாவது மாடில கதவு திறக்கல. அங்க என்ன நிக்குது?”

பெரியம்மா ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். களைத்துப்போய் இருந்தார், அவ்வளவுதான்.

“அவருக்குப் பதிலா யாரும் எழுதல டாக்டர்” என்று பெரியம்மா முந்திக்கொண்டார். “அவர்தான் சொன்னார். நான் சொல்லித்தான் கொடுத்தேன். மார்க் குறைஞ்சா வெளிய அனுப்பிடுவீங்கன்னு...”

“அனுப்ப மாட்டோம் டீச்சர். யார் சொன்னது? இந்தப் பரீட்சை அவருக்கே இல்ல.”

“பின்ன?”

“மாத்திரைக்கு. அது பாஸா ஃபெயிலான்னுதான் நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம். அவர் மறந்தா, மறந்தார்னு எங்களுக்குத் தெரியணும். அந்த மாத்திரைக்கு நீங்க டியூஷன் எடுத்துட்டீங்க.”

“அப்ப மாத்திரையைக் காப்பி அடிக்க வச்சிருக்கேன்” என்றார் பெரியம்மா.

விதிப்படி பெரியப்பாவின் மார்க்குகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழைய கிழங்கு மாத்திரை தொடரும், உடம்பைப் பார்த்துக்கொள்வதும் தொடரும் என்றார் டாக்டரம்மா. திரும்பி வரும்போது பெரியப்பா பின்சீட்டில் உற்சாகமாக இருந்தார். எட்டில் நான்கு சரியாகச் சொல்லியிருந்தாரே.

அதன்பின் சில வாரத்தில் பெரியப்பா கொஞ்சம் இறங்கினார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். குளியலறைக்குப் போகிறவர் சமையலறையில் போய் நின்றார். மாத்திரையை நிறுத்தியதால் வந்த வினை என்று பெரியம்மா முடிவு கட்டினார். நோய் தன் போக்கில் போவதாகவும் இருக்கலாம். அதையெல்லாம் அவரிடம் யார் சொல்வது?

அந்தச் செடியின் பெயர் ஆராய்ச்சியில் சேரும்போதே சொல்லப்பட்டிருந்தது. ரகசியம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் குடோன்களின் பின்சுவர் நெடுக அது மண்டிக் கிடக்கிறது. ஆடுகூட வாய் வைக்காது. பெரியம்மா ஒருநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு போய் இலையைப் பறித்து வந்தார். அலசி, தண்ணீரில் கொதிக்கவைத்து, பாதியாக வற்றவிட்டு வடிகட்டினார். கசப்பு நாக்கில் நாள் முழுக்க நின்றதாம்.

அதைப் பெரியப்பாவுக்குக் கொடுக்கவில்லை. தாமே குடித்தார். “அவருக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி நான் குடிச்சுப் பார்க்க வேண்டாமா? எலி மாதிரி” என்று பிறகு எங்களிடம் விளக்கினார். தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். எங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. பசி போயிற்று. குமட்டியது. உடம்பு பழகும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு விடாமல் குடித்தார்.

ஒருநாள் டியூஷன் நடக்கும்போது கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்துவிட்டார். ஒரு மாணவி ஓடிவந்து சொன்னாள். நானும் அம்மாவும் போய்ப் பார்த்தபோது கண்வெள்ளை முழுக்க மஞ்சள்.

கல்லீரல் அடிவாங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். அந்த நாட்களில் பெரியப்பா எங்கள் வீட்டில் இருந்தார். “டீச்சர் எங்க?” என்று கேட்பார். ஆஸ்பத்திரியில் என்று சொன்னால், “என்ன ஆச்சு?” என்று பதறுவார். பக்குவமாகச் சொல்லி அமைதிப்படுத்தி முடிப்பதற்குள் மறுபடி, “டீச்சர் எங்க?” ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி, புதுப் பதற்றம். அம்மா கடைசியில், “டீச்சர் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்காங்க அத்தான்” என்று சொல்ல ஆரம்பித்தாள். “ஓ” என்று உட்கார்ந்துகொள்வார்.

பெரியம்மா கொஞ்சம் தேறியதும் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியம்மா மல்லாந்து படுத்திருந்தார். தலைப்பக்கம் தாழ்ந்து போயிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுற்றுகிற கைப்பிடி இருந்தது. அது இறுகிக்கொண்டு சுற்றவே இல்லை, நர்ஸ் ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். பெரியப்பா மனைவியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். சட்டென்று தரையில் உட்கார்ந்து, அடியில் குனிந்து, எதையோ விரலால் தடவி, பின்பக்கமாகக் கொஞ்சம் சுற்றி, பிறகு முன்பக்கமாகச் சுற்றினார். தலைமாடு மெல்ல மேலே வந்தது.

“போதுமா?” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்சம்” என்றார் பெரியம்மா. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். பிறகு நான் எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்காமல், அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் கேள்விப்பட்டு டாக்டரம்மா வந்தார். எவ்வளவு இலை, எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அதே செடிதானே டாக்டர்? நீங்க சொன்ன அதே செடி.”

“அதே செடிதான். ஆனா இலைக்குள்ள நூத்துக்கணக்குல என்னென்னவோ இருக்கு டீச்சர். நீங்க குடிச்சதை எல்லாம் கழிச்சுட்டு ஒண்ணே ஒண்ணை மட்டும் வெளிய எடுக்கத்தான் அத்தனை பேர் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டாங்க.”

பெரியம்மா தலையைத் திருப்பிக்கொண்டார்.

“அவருக்குக் கொடுக்கலையே. அது போதும்” என்று டாக்டரம்மா அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். பெரியம்மா முதல் தடவையாக அழுதார். கொஞ்ச நேரம்தான். பெரியப்பா கீழே இருந்து எட்டிப் பார்த்து, “உயரம் சரியில்லையா?” என்றார்.

கல்லீரல் தானாகவே தேறியது. வீட்டுக்கு வந்த பெரியம்மா குடோன் பக்கம் போவதை விட்டார். டியூஷனை மறுபடி தொடங்கினார், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு. பெரியப்பாவை எழுப்புவது, பல் விளக்க வைப்பது, சாப்பிட வைப்பது எல்லாவற்றையும் ஒரு அட்டவணைக்குள் கொண்டுவந்தார். வார்த்தை மனப்பாடம் மட்டும் இல்லை. பெரியப்பா சில சமயம் தாமாகவே பெஞ்சில் உட்கார்ந்து விரலை நீட்டுவார். “இன்னிக்கு லீவுங்க” என்பார் பெரியம்மா.

ஆராய்ச்சி முடிந்ததும் பங்கெடுத்த குடும்பங்களை எல்லாம் ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு அழைத்தார்கள். விலக்கப்பட்டவர்களுக்கும் அழைப்பு இருந்தது. பெரியம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பெரியப்பாவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, எனக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்தார்.

கூடம் திறப்பதற்காக வெளியே காத்திருந்தோம். பக்கத்தில் ஒருவர் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் இல்லை; அந்த அம்மாவுக்கு மறதி இருக்கிறதா என்று பார்க்க அன்றுதான் முதல் சோதனையாம். “உள்ள என்ன கேப்பாங்க? உங்களுக்குத் தெரியுமா?” என்று பெரியம்மாவிடம் மெல்லக் கேட்டார். வாழ்க்கையில் பெரியம்மாவிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“கேள்வித்தாள் என்கிட்ட இல்லைங்க” என்றார்.

டாக்டரம்மா மேடையில் நின்று முடிவைச் சொன்னார். நிஜ மாத்திரை சாப்பிட்டவர்களும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே வேகத்தில்தான் இறங்கியிருந்தார்கள். வித்தியாசம் இல்லை. எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. ஒருவர் எழுந்து, இதற்காகவா இத்தனை நாள் அலைந்தோம் என்று கத்தினார். ஒரு பெண் விசும்பினாள். வேலை செய்யாது என்று தெரிந்துகொண்டதும் ஒரு முடிவுதான், இனி வேறு செடிகளை, வேறு பொருள்களைப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. சொல்லும்போது அவருக்கே அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

பெரியம்மா கையைத் தூக்கினார். வகுப்பில் கை தூக்குவதுபோல, நேராக.

“கணக்குல இருந்து எடுத்துட்ட மார்க்கும் சேர்ந்திருந்தா முடிவு மாறியிருக்குமா டாக்டர்?”

“மாறியிருக்காது டீச்சர். சேர்த்தும் போட்டுப் பார்த்தோம்.”

பெரியம்மா உட்கார்ந்தார். என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது.

யாருக்கு எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்ள விரும்பியவர்களுக்கு ஒரு தனி அறையில் சொன்னார்கள். பரீட்சைப் பெண்தான் அங்கே இருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். பெரியப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். பிறகு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “சாருக்குக் கொடுத்தது நிஜ மாத்திரைதான்ம்மா” என்றாள்.

பெரியம்மா தலையை ஆட்டினார். வெயிலில் கார் வரைக்கும் நடந்தோம். நான் சாவியைப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பாமல் இருந்தேன்.

“நல்லவேளை” என்றார்.

“என்ன பெரியம்மா?”

“மாவு மாத்திரைன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நிஜ மாத்திரை கிடைச்சிருந்தா தேறியிருப்பாரோ, தேறியிருப்பாரோன்னு சாகற வரைக்கும் மனசைக் குடைஞ்சுக்கிட்டே இருந்திருப்பேன். இப்ப அது இல்ல. கிடைச்சுது, சாப்பிட்டார், கேக்கல. முடிஞ்சுது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஏண்டி, வண்டியை எடு. உங்க அம்மா அவருக்குக் காபியில சக்கரையை அள்ளிக் கொட்டிக்கிட்டு இருப்பா.”

பெரியப்பா இப்போது அதிகம் நடப்பதில்லை. பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. டியூஷன் நேரத்தில் அவரைப் பின் பெஞ்சின் ஓரத்தில், சுவரில் சாய்ந்தாற்போல உட்கார வைக்கிறார் பெரியம்மா. பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது. அவர் சரிந்தால் தோளைக் கொடுக்கிறார்கள். போன மாதம் டாக்டரம்மா வேறொரு செடியை வைத்து இன்னொரு ஆராய்ச்சியைத் தொடங்கியிருப்பதாகத் தெரியவந்தது. பெரியப்பா நிலையில் இருப்பவர்களை அதில் சேர்ப்பதில்லை. பெரியம்மா அது என்ன செடி என்று கேட்கவில்லை. பெரியப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டு இருந்தார். “பண்ணட்டும். யாருக்காவது ஆகும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த விரலைப் பிடித்தார்.